உலக முடிவுக்கு ஒரு நாள் நடை: காடும் நம்ம பீலித் தண்ணியும்

மலை ஏறி இறங்குவதை தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு தினமும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் வேலைக்காக இல்லாமல், பார்க்கவும் படிக்கவும் என்று குடும்பத்தோடு ஒரு மலைக்குப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? ஹோர்ட்டன் சமவெளியைப் பார்க்க கடல் கடந்து ஆட்கள் வருகிறார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளோ அவர்களின் வான் போவதைப் பாதையோரம் நின்று பார்ப்பதோடு சரி. “அங்க என்ன இருக்கு, வெறும் காடுதானே” என்று நாமும் சொல்லிவிடுகிறோம். வெறும் காடு இல்லை. நம்ம லயத்துக்கு வரும் தண்ணிக்கும் அப்படிப்பட்ட காட்டுக்கும் என்ன உறவு என்பதுதான் இம்முறைப் பாடம்.

இடத்தைத் தெரிந்துகொள்வோம்

ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே இருக்கிறது. இலங்கையின் இரண்டாவது உயர்ந்த மலையான கிரிகல்பொத்தவும் (2,395 மீற்றர்), மூன்றாவதான தொட்டுபொலகந்தவும் (2,357 மீற்றர்) இங்கேதான். 1969ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட இடமாகவும் 1988ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைகளுடன் சேர்த்து உலக மரபுரிமை இடமாக அறிவிக்கப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் இந்தப் பக்கத்திலிருந்து தண்ணி போகிறது.

நடை எப்படி இருக்கும்?

ஃபார் இன் என்ற பழைய கட்டடத்தின் பக்கத்தில் தொடங்கி, வட்டமாகச் சுற்றி அதே இடத்துக்கே வரலாம். மொத்தம் ஏறக்குறைய 9 கிலோமீற்றர். பிள்ளைகளோடு மெதுவாக நடந்தால் நான்கு மணி நேரம் வையுங்கள்.

முதலில் பட்டனா என்கிற புல்வெளி. மரைகள் கூட்டமாக மேயும். பிறகு பாதை காட்டுக்குள் நுழைகிறது. இந்த மரங்கள் தாழ்நாட்டுச் சிங்கராஜக் காட்டு மரங்களைப் போல நெடுநெடுவென்று வளருவதில்லை. காற்றும் குளிரும் தாக்குவதால் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, குடை பிடித்த மாதிரி நிற்கும். தண்டு முழுக்கப் பாசி. நடுவில் சின்ன உலக முடிவு வரும். அங்கே பள்ளம் ஏறக்குறைய 270 மீற்றர். அதையும் தாண்டிப் போனால் பெரிய உலக முடிவு. நிலம் அப்படியே அறுந்து 850 மீற்றருக்கும் மேலே செங்குத்தாக இறங்குகிறது. வானம் தெளிவாக இருந்தால் தெற்கே கடல் வரைக்கும் தெரியும். நேர் கீழே பச்சையாகத் தெரிவது நன்பெரியல் தேயிலைத் தோட்டம். நம்ம ஆட்கள் வேலை செய்யும் மலையை மேகம் பார்க்கிற மாதிரி மேலிருந்து பார்க்கலாம்.

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. ஏறக்குறைய 20 மீற்றர் உயரத்திலிருந்து பெலிஹுல் ஓயா விழுகிறது. இந்த ஓயாதான் கீழே போய் வளவை கங்கையில் சேர்கிறது.

காடு தண்ணி பிடிக்கும் விதம்

நலன்புரி வேலையாக லயங்களுக்குப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுதான்: “தை, மாசி வந்தா பீலியில தண்ணி நூலாட்டம் வருது.” காரணம் குழாயில் மட்டும் இல்லை.

மழை இல்லாத நாளிலும் மலை உச்சியில் மூடுபனி இருக்கும். அந்தப் பனி இலையிலும் கிளையிலும் பாசியிலும் பட்டுத் துளியாகி, சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிறது. காலையில் காட்டுக்குள் போனால் மழை பெய்யாமலே நனைவதைப் பார்க்கலாம். பாசியும் சருகும் கறுப்பு மண்ணும் கம்பளி மாதிரி அந்தத் தண்ணியை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. பிறகு கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றுக்கு விடுகின்றன. மரத்தை வெட்டிவிட்டால் பனியைப் பிடிக்க ஆள் இல்லை. மழை பெய்தாலும் தண்ணி மண்ணில் இறங்காமல், கான் உடைத்து மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும். மழைக் காலத்தில் வெள்ளம், வெயில் காலத்தில் வறட்சி. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வந்தபோது மலையகத்தில் மண்சரிவு என்ன செய்தது என்பதை நாம் மறக்க முடியாது. அவ்வளவு பெரிய மழையில் காடு மட்டும் நம்மைக் காப்பாற்றிவிடாது. ஆனாலும் சரிவில் வேர் பிடித்து நிற்கும் மரம் மண்ணுக்கு ஒரு பலம்.

நம் தோட்டங்களுக்கு மேலே உள்ள காட்டுத்துண்டும் சின்ன அளவில் இதே வேலையைத்தான் செய்கிறது. ஹோர்ட்டன் சமவெளியில் பெரிதாகப் பார்ப்பதை வீட்டுக்கு வந்து சின்னதாகப் பார்க்கலாம்.

காடு எப்படி மிஞ்சியது?

கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டன. துரைமார் உத்தரவு போட்டார்கள். கோடரி பிடித்த கைகளில் நம் முன்னோர்களின் கைகளும் உண்டு. 1873ஆம் ஆண்டு ஜோசப் ஹூக்கர் என்ற தாவர விஞ்ஞானி, 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொட வேண்டாம் என்று அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்னார். அதன்படி பிறந்த உத்தரவால்தான் உச்சியில் இவ்வளவாவது மிஞ்சியது. அப்புறமும் 1960களில் இந்தப் புல்வெளியில் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பார்த்தார்கள். அது 1969இல் நின்றது.

போகும்போது கவனிக்க வேண்டியவை

1. விடியற்காலையிலேயே போய்ச் சேருங்கள். வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். பத்து மணிக்கு மேலே பெரும்பாலும் பனி மூடிவிடும். பிறகு உலக முடிவில் வெள்ளைத் திரைதான் தெரியும்.

2. மழை, மண்சரிவுக்குப் பிறகு ரயிலும் வீதியும் தடைப்படலாம். ஓடுகிறதா, திறந்திருக்கிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள். ஒஹிய நிலையத்திலிருந்து ஃபார் இன் வரை 11 கிலோமீற்றர் ஏற்றம். அதையும் நடந்தால் பிள்ளைகளுக்கு முடியாது. நாலைந்து குடும்பம் சேர்ந்து வான் பிடிப்பது நல்லது. பெரியவர்கள் அடையாள அட்டையைக் கொண்டுபோகவும்.

3. விளிம்பில் விளையாட்டு வேண்டாம். அங்கே மண் ஈரமாகவும் கல் வழுக்கலாகவும் இருக்கும். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். போட்டோவுக்காகப் பின்னால் அடி எடுத்து வைக்காதீர்கள். குடித்துவிட்டு வருபவரைக் கூட்டிப்போகவே வேண்டாம்.

4. குளவியைப் பற்றி நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து மலையில் கொட்டு வாங்கி உயிர் விட்டவர்கள் உண்டு. கூடு கண்டால் கல் எறியாமல், புகை போடாமல், சத்தமில்லாமல் விலகுங்கள். கலைந்து வந்தால் தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு ஓடுங்கள். பல கொட்டு வாங்கியவரையும், மூச்சு முட்டுபவரையும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

5. ரொட்டியும் சம்பலும் வாழை இலையிலோ சாப்பாட்டுப் பெட்டியிலோ கட்டுங்கள். பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் பை சோதிப்பார்கள். சாப்பாடு வாசத்துக்கு மரை பொலித்தீனையும் சேர்த்துத் தின்னும். அது வயிற்றில் அடைத்தால் மிருகம் செத்துவிடும்.

6. கம்பளிச் சட்டை, குடை, பிடிப்புள்ள சப்பாத்து, தண்ணிப் போத்தல் தேவை. இழுப்பு, இருதய வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டொக்டரிடம் கேட்டுவிட்டு வரவும்.

7. பூ, செடி, விறகு எதையும் பிடுங்காதீர்கள். பீடி, தீக்குச்சி வேண்டவே வேண்டாம். காய்ந்த பட்டனாவில் நெருப்பு விழுந்தால் அணைக்க முடியாது.

திரும்பி வந்த பிறகு

விறகுக்கு நாம் காட்டைத்தான் நம்பியிருக்கிறோம் என்பது உண்மை. அடுப்பு எரியாமல் சோறு வேகாது. அதனால் “காட்டுக்குப் போகாதே” என்று சொல்லிவிட்டு நாங்கள் ஒதுங்க முடியாது. கவ்வாத்து வெட்டும்போது விழும் மிலாறை நனையாமல் காயவைத்துச் சேர்க்கலாம். நிழல் மரக் கிளைகளை வெட்டும் காலத்தில் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கலாம். ஆனால் ஊற்றுக்கு மேலே நிற்கும் மரத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று லயத்துக்கு லயம் பேசி முடிவெடுங்கள்.

பிள்ளைகளிடம் கேட்க நாலு கேள்வி:

மழை பெய்யாமலே காட்டுக்குள் தண்ணி சொட்டியது ஏன்?

பேக்கர் நீர்வீழ்ச்சித் தண்ணி எந்தக் கங்கைக்குப் போகிறது?

பாசி இல்லாத மரத்துக்கும் பாசி உள்ள மரத்துக்கும் என்ன வித்தியாசம் பார்த்தாய்?

நம்ம பீலித் தண்ணி எந்த ஊற்றிலிருந்து வருகிறது, அதற்கு மேலே எத்தனை மரம் நிற்கிறது?

கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அந்த ஊற்றுவரை நடந்து போய் எண்ணிப் பாருங்கள். அதற்கு டிக்கட்டும் தேவையில்லை, வானும் தேவையில்லை.