உப்புக் காற்று வீட்டுக்குச் சில குறிப்புகள்

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரம் குடியிருப்பவர்களிடம் கேட்டால் எல்லோரும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள். பூட்டு திறக்கவில்லை, உப்பு நீர்த்துவிட்டது, கதவு சாத்தவில்லை, முறுக்கு நமத்துப்போனது. ஒவ்வொன்றும் சின்ன விஷயம். அவசரமாகக் கிளம்பும் காலையில் இரண்டு சேர்ந்து வந்தால் வீட்டில் சண்டையே வந்துவிடும். பெரும்பாலானவற்றுக்குக் காரணம் காற்றில் வரும் உப்பும் ஈரமும்தான்.

1. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அது இன்னும் சீக்கிரம் கசியும். மண்சட்டியில் வெறுமனே வறுத்து, நன்றாக ஆறியதும் பீங்கான் ஜாடியில் கொட்டுங்கள். ஒரு பிடி அரிசியை மெல்லிய துணியில் முடிந்து அடியில் போடலாம். எவர்சில்வர் டப்பா வேண்டாம். உப்பு அதையும் புள்ளிபுள்ளியாக அரித்துவிடும். இத்தனை செய்தும் யாராவது குழம்புக் கரண்டியை ஈரத்தோடு ஜாடிக்குள் விட்டால் எல்லாம் வீண். ஜாடிக்கென்றே ஒரு கொட்டாங்குச்சிக் கரண்டியை உள்ளேயே போட்டு வைத்துவிடுங்கள். யாரையும் கடிந்துகொள்ளத் தேவையிருக்காது.

2. இறுகிய பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால் அன்றைக்குத் திறக்கும். பிறகு தூசும் மணலும் அதில் ஒட்டிக் கெட்டிப்படும். பென்சிலைச் சீவிய கரித்தூளைச் சாவியின் பற்களில் தடவி, பூட்டுக்குள் விட்டு நாலைந்து முறை திருப்புங்கள். புதிதாக வாங்குவதென்றால் பித்தளைப் பூட்டு. வெளிக் கேட்டில் தொங்கும் பூட்டுக்குப் பழைய சைக்கிள் டியூப் துண்டு நல்ல மழைக்குல்லா.

3. தாழ்ப்பாள், கீல், ஜன்னல் கம்பி ஆகியவற்றுக்கு எண்ணெய் போடும் முன் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். உப்பின் மேலேயே எண்ணெய் தடவினால் துரு அடியில் தொடரும். உலர்ந்த பின் தையல் மெஷின் எண்ணெய் போதும். 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ் போன்ற புயலுக்குப் பிறகு இதைத் தள்ளிப்போடவே கூடாது. புயல் காற்று உப்புத் துளிகளை அள்ளிக்கொண்டு வந்திருக்கும்.

4. சுவரில் உப்புப் பூத்துப் பெயிண்ட் பொரிந்து விழுவதுதான் என் கணக்கில் பெரிய எரிச்சல். ஈரத்துணியால் துடைப்பவர்கள் அந்த உப்பைக் கரைத்து மறுபடி சுவருக்குள்ளேயே அனுப்புகிறார்கள். மேலே பெயிண்ட் அடிப்பவர்கள் அதை உள்ளே அடைத்து வைக்கிறார்கள். வழி நம் ஊரிலேயே இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கல்லில் ஏறும் உப்பை எடுக்கத் தொல்லியல் துறை காகிதக் கூழைத்தான் பூசுகிறது. கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பை நீரோடு வெளியே இழுத்துக்கொள்ளும். வீட்டிலும் செய்யலாம். முதலில் கசிவு எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடையுங்கள். காய்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தட்டி எடுங்கள். அச்சடிக்காத வெள்ளைக் காகிதத்தை இரவு முழுக்க நல்ல தண்ணீரில் ஊறவைத்து, மசித்து, அரை அங்குலக் கனத்துக்கு அப்புங்கள். முழுதும் காய்ந்ததும் உரித்துவிட்டு, உப்பு குறையும்வரை திரும்பச் செய்யுங்கள். பிறகு பிளாஸ்டிக் பெயிண்டைவிடச் சுண்ணாம்பே மேல், சுவர் மூச்சுவிடும்.

5. ஐப்பசி, கார்த்திகையில் கதவு ஊறிப் பிடித்தால் உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்காதீர்கள். சித்திரையில் இடைவெளி விழுந்துவிடும். இப்போதைக்கு உரசும் இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். மாசி வெயிலில் கதவைக் கழற்றி, மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் பாருங்கள். அநேகமாக அங்கே பெயிண்டே பட்டிருக்காது. மரம் தண்ணீர் குடிப்பது அந்த வழியாகத்தான்.

6. போர் தண்ணீரின் வெள்ளைக் கறை குழாயில் படிந்திருந்தால், வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்துத் தேயுங்கள். ஷவர் துளைகளுக்கும் இதுவே. பளிங்குக் கல்லில் மட்டும் படக் கூடாது. வினிகரோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

7. கடற்கரையிலிருந்து வரும் பிள்ளைகளின் கால் மணலை உடனே கழுவாமல், காயவிட்டு டால்கம் பவுடர் தூவித் தட்டினால் உதிர்ந்துவிடும். பாத்ரூம் குழாயும் அடைக்காது.

8. முறுக்கு ஆறுவதற்கு முன் டப்பாவை மூடாதீர்கள். நமத்துப்போனதை வெறும் வாணலியில் சிறு தீயில் புரட்டி எடுத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும்.

9. சங்கரா, நெத்திலி அலசிய கையில் வாடை போகவில்லையென்றால் சோப்புக்கு முன் புளிக்கரைசலைத் தேயுங்கள். வாடைக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உடையவை. புளிப்பு அவற்றைக் கட்டிப்போடும். செதிலையும் குடலையும் தென்னை மரத்தடியில் ஓரடி ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு செங்கல்லை வையுங்கள். பூனை கிளறாது.