பக்கவாதம் வந்தவருக்கு ஊட்டுகிறீர்களா?

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் விழுங்குவது சிரமம். உணவோ எச்சிலோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். அதுவரை இவற்றைக் கவனியுங்கள்.

1. விழுங்கும் திறனைச் சோதித்து டாக்டர் அனுமதிக்கும்வரை வாய்வழியாக எதுவும் வேண்டாம், மாத்திரை உட்பட. 'நாக்கு வறண்டு கிடக்கிறாரே' என்று ஒரு வாய் காபி கொடுத்துவிடாதீர்கள். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிட்டால் போதும்.

2. புரையேறி இருமினால்தான் ஆபத்து என்றில்லை. தொண்டையில் உணர்ச்சி குறைந்தவருக்கு இருமலே வராமல் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். விழுங்கியதும் 'ஆ' சொல்லச் சொல்லுங்கள். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் குரல் களகளத்தால் உடனே நிறுத்துங்கள்.

3. நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டுங்கள். சாப்பிட்ட பிறகும் 30 நிமிடமாவது படுக்க வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டவே கூடாது.

4. கெட்டியான கூழைவிடத் தண்ணீர்தான் பலருக்குப் புரையேறும். வேகமாக ஓடிவிடுவதால் தொண்டை மூடிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. ரசம் சாதம்போல நீரும் பருக்கையும் கலந்தது இன்னும் சிரமம். எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்வார்.

5. டீஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக, பலமுள்ள பக்கத்துக் கன்னத்தில் கொடுங்கள். ஒரு வாய் முழுக்க இறங்கிய பிறகே அடுத்தது. டி.வி. வேண்டாம்.

6. பலரும் விட்டுவிடுவது வாய்ச் சுத்தம். எச்சிலோடு இறங்கும் கிருமிகள்தான் நிமோனியாவுக்கு முக்கியக் காரணம். மூக்குக் குழாய் வழியாகச் சாப்பிடுபவருக்கும் இது அவசியம். அவரும் எச்சில் விழுங்குகிறார் அல்லவா? காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷில் துளி பேஸ்ட் வைத்துப் பல், ஈறு, நாக்கைத் தேய்த்து, நுரையைத் துணியால் துடைத்தெடுங்கள். சாப்பாடு முடிந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். வலுவிழந்த கன்னத்துக்குள் இட்லித் துணுக்கு அப்படியே ஒதுங்கியிருக்கும். இரவில் பல்செட்டைக் கழற்றிக் கழுவிவையுங்கள்.

7. மூக்குக் குழாயில் உணவு செலுத்தும்போதும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும்.

8. தாடையை மார்போடு சேர்த்து விழுங்குவது, அழுத்தி விழுங்குவது, தலையைத் தூக்கிப் பிடிப்பது போன்ற பயிற்சிகள் உண்டு. எது யாருக்குப் பொருந்தும் என்பதைத் தெரபிஸ்ட்டே முடிவு செய்யட்டும். கழுத்து வலி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

9. காய்ச்சல், மூச்சிரைப்பு, திடீர்க் குழப்பம், நெஞ்சில் சளிச் சத்தம் இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் நிமோனியா வரும். சோர்ந்து சுருண்டு படுத்தாலே சந்தேகப்படுங்கள்.