இடத்துக்கேற்ற பாடம்

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரைக் கேந்திரமாகக் கொண்டு புதுவைக் கிராமங்களில் தொடங்கிய தகவல் மையத் திட்டத்தில், இணையத்தில் கிடைத்த அலையுயர விவரத்தை வீராம்பட்டினத்து மீனவர்க்கு ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்களே, போதனைக்குச் சாதனம் தேரும் விவேகம் அதுதான். அதேபோல், புதுவையின் சுத்துக்கேணிக் கிராமத்தில் மாலை வகுப்பு நடத்துவோர், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்திலேயே தீக்ஷா கல்விச் செயலியில் வேண்டிய காணொளியைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், பிறகு இணையமின்றியே காட்டலாம். ஆனால் பாதியில் நிறுத்தி, “அடுத்து என்ன ஆகும், சொல்லுங்கள்” என்று பிள்ளைகளைக் கேளாமல் முழுவதையும் ஓடவிடுவது வீண். களை பறித்துக்கொண்டே கேட்கவேண்டிய மகளிர் குழுவினருக்கோ, ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு நிமிஷக் குரல்பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்புவதே உத்தமம். நீண்ட பி.டி.எஃப். கோப்புகளை அவர்களுக்குத் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.