பொங்கல் சரக்கு: சுண்ணாம்பு, காவி, கோலமாவு

மார்கழி பிறந்ததும் மளிகைக் கடைக்கு வருகிறவர்கள் பருப்பு, வெல்லத்தோடு சுண்ணாம்பு, காவி, கோலமாவும் கேட்பார்கள். போகிக்குள் வெள்ளையடித்து, திண்ணைக்குக் காவிப் பட்டை போட்டு, காப்புக் கட்டி, வாசலில் கோலம் போடுவது நம் பக்கத்து வழக்கம். பெயிண்டும் டைல்ஸும் வந்து விற்பனை குறைந்தது உண்மைதான். ஆனாலும் மலையடிவார ஊர்களில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். விற்கிற நமக்கு இச்சரக்கின் குணம் தெரிந்திருக்க வேண்டும்.

சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டால் கிடைப்பது கல் சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். சுவரில் அடித்தபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகவே இறுகும். "தொட்டால் கையில் ஒட்டுகிறது" என்று புகார் வந்தால், பெரும்பாலும் காய்ந்த சுவரில் கெட்டியாக அடித்திருப்பார்கள். சுவரை நனைத்து, சுண்ணாம்பை வடிகட்டி, வஜ்ரம் கலந்து, மெல்லியதாக இரண்டு முறை அடிக்கச் சொல்லுங்கள்.

இதில் நிறம் சேர்க்கக் கேட்பவர்களுக்குக் காவியைக் கொடுங்கள். அது இரும்புத் துரு கலந்த மண். சுண்ணாம்பின் காரம் அதை ஒன்றும் செய்யாது. மலிவான சாயப் பொடிகள் பல அந்தக் காரத்தில் வெளுத்துவிடும். பழி கடைக்காரர் மேல்தான் வரும். சுண்ணாம்புச் சுவரில் செங்காவி எவ்வளவு காலம் நிற்கும் என்பது நம் போடி ஜமீன் அரண்மனை இராமாயண ஓவியங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இருப்பு வைப்பதில்தான் ஆபத்து. ஓர் ஐப்பசி மழையில் என் குடோன் ஓடு ஒழுகி, கல் சுண்ணாம்பு மூட்டை நனைந்துவிட்டது. காலையில் திறந்தால் சாக்கு கருகிப் புகைகிறது. தீ பிடிக்காதது தெய்வச் செயல். ஆனால் பக்கத்து அடுக்கில் இருந்த ஏலக்காயில் புகை வாடை ஏறிவிட்டது. பச்சை நிறம் அப்படியே இருந்தும், மூட்டையைப் பிரித்து முகர்ந்த வியாபாரி கீழே வைத்துவிட்டார். கிடைத்த விலைக்குத் தள்ளினேன். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது என் தவறு. சுண்ணாம்பைத் தரையிலிருந்து உயர்த்தி, ஈரம் படாத தனி இடத்தில் வையுங்கள். கண்ணில் தெறித்தால் தேய்க்காமல் நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

கோலமாவு அந்தக் காலத்தில் பச்சரிசி மாவு. எறும்புக்கும் குருவிக்கும் இரை. இன்று பெரும்பாலும் கல் மாவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பெயர் எழுதாத வெள்ளைப் பையில் இரண்டையும் கட்டி ஒரே தட்டில் வைக்கும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாராவது அதில் இடியாப்பம் பிழிந்தால் என்ன ஆகும்? கலர் கோலப்பொடி அதைவிட மோசம். தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்ததற்குக் காரணம் ரோடமின்-பி என்ற தொழிற்சாலைச் சாயம். தரையில் போடுகிற பொடியை மசாலா வரிசையிலிருந்து தள்ளி, வாசல் பக்கம் வையுங்கள். அதை அள்ளுகிற கரண்டியும் தராசுத் தட்டும் தனியாக இருக்கட்டும்.