குஞ்சு பொரிக்கும் நேரத்தில் கை கொடுக்கலாமா?

கோலார் தங்கவயலில் லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குக் கோழி வளர்ப்பு புதிதல்ல. வடார்க்காட்டிலிருந்து பிழைக்க வந்த எங்கள் ஆயா, சாம்பியன் ரீப் லைனிலும் ஊர் வழக்கத்தை விடவில்லை. பழைய கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, பெட்டைக்கோழியை அடை வைப்பார். இடிச்சத்தத்தில் முட்டை கெடாமல் இருக்க ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் கூடையில் கிடக்கும். எங்கள் ஊரில் இடி வானத்திலிருந்து மட்டுமா வரும்? சுரங்க ஆழத்தில் பாறை வெடித்து நிலமே குலுங்கும். 'ஏர் பிளாஸ்ட்' என்போம். அன்றைக்கெல்லாம் ஆயா முட்டைகளை நினைத்துப் புலம்புவார். நைனா சுரங்கத்துக்குள் இருக்கும் நேரமானால் முட்டை யாருக்கும் நினைவு வராது.

1976இல் எனக்குப் பத்து வயது. அடை வைத்த இருபத்தோராம் நாள் காலையில் ஒரு முட்டையில் சின்ன ஓட்டை விழுந்திருந்தது. உள்ளே அலகு நுனி தெரிந்தது. 'கீச், கீச்' என்று சத்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தேன். அதே ஓட்டைதான், சத்தம் மட்டும் குறைந்திருந்தது. செத்துவிடுமே என்ற பயத்தில் நகத்தால் ஓட்டை உரித்துவிட்டேன். முதலில் சவ்வில் சிவப்புக் கோடு தெரிந்தது, பிறகு ரத்தம் வழிந்தது. வெளியே வந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சள் பை ஒன்று தொங்கிற்று. செகண்ட் ஷிப்டு முடிந்து நைனா வருவதற்குள் அது அடங்கிப் போயிற்று. ஆயா அடிக்கவில்லை. "அது இன்னும் தயாராகலடா" என்று மட்டும் சொன்னார்.

'தயார்' என்றால் என்ன என்பது, பெரியவனாகிப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று. முட்டைக்குள் இருக்கும் குஞ்சு முதலில் நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஓட்டின் உட்புறம் வலைபோலப் படர்ந்த ரத்தக் குழாய்கள்தாம், ஓட்டின் நுண்துளைகள் வழியே வரும் காற்றை வாங்கிக் கொடுக்கின்றன. பத்தொன்பது, இருபதாம் நாளில் அது அலகால் முட்டையின் அகன்ற பக்கத்துக் காற்றறையைக் கிழித்து முதல் மூச்சு விடுகிறது. பிறகு அலகின் மேலிருக்கும் சிறு கூர்முனையால் ஓட்டைக் கொத்தி ஓட்டை போடுகிறது.

அதன் பின் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுதும்கூட, வெளியே ஒன்றும் நடக்காது. பார்க்கிறவர்களுக்குத்தான் தவிப்பு. உள்ளே இரண்டு முக்கிய வேலைகள் நடக்கின்றன. சவ்வில் ஓடும் ரத்தம் மெல்ல மெல்ல வற்றிக் குஞ்சின் உடம்புக்குள் திரும்புகிறது. மிச்ச மஞ்சள் கரு தொப்புள் வழியே வயிற்றுக்குள் ஏறுகிறது. இரண்டும் முடிந்த பிறகே குஞ்சு மெதுவாகச் சுழன்று ஓட்டை வட்டமாக வெட்டி, காலால் உதைத்து வெளியே வரும். நான் உரித்தது அந்த வேலை நடக்கும்போது!

வண்ணத்துப்பூச்சிக்கு உதவி செய்து அதன் சிறகைக் கெடுத்தவன் கதையைப் பிள்ளைகளுக்கு எல்லோரும் சொல்கிறோம். போராடினால்தான் பலம் வரும் என்று முடிப்போம். கோழிக்குஞ்சுக்கு அந்தக் கதை சரியாகப் பொருந்தாது என்பது என் எண்ணம். நாம் காத்திருப்பது அதற்குப் பலம் வரட்டும் என்பதற்காக அல்ல, ரத்தமும் கருவும் உள்ளே போகட்டும் என்பதற்காக. அவை உள்ளே போன பிறகும் குஞ்சு சிக்கிக்கொண்டு கிடந்தால், சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு பெருமையும் இல்லை.

சென்ற கோடை விடுமுறைக்கு பெங்களூரிலிருந்து பேத்தி வந்திருந்தாள். 2001இல் சுரங்கம் மூடிய பிறகு நாங்கள் ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிறோம். அடைக்கோழி இல்லாததால் பல்பு பொருத்திய பெட்டியில் முட்டை வைத்தோம். 37.5 டிகிரி சூடு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், பதினெட்டாம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்தியாயிற்று. எல்லாம் சரி, ஆனால் ஓட்டை விழுந்ததும் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை அவள் மூடியைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் ஈரக்காற்று வெளியேறும். சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் காகிதம்போல் ஒட்டிக்கொள்ள அது போதும்.

மறுநாள் மாலை இரண்டு முட்டைகள் பாக்கி. ஒன்றில் குறுகிய முனையில் ஓட்டை விழுந்து முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. சவ்வு பழுப்பேறிக் காய்ந்திருந்தது. மற்றதில் அசைவே இல்லை. "தாத்தா, எடுத்து விடுங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

கையைக் கழுவிக்கொண்டு, வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து, அலகின் மூக்குத் துவாரத்தில் படாமல் சவ்வைத் தொட்டுத் தொட்டு ஈரமாக்கினேன். ஈரம் பட்டால் சவ்வு கண்ணாடிபோலத் தெளியும். உள்ளே சிவப்புக் கோடு இருந்தால் தெரிந்துவிடும். ஒன்றும் இல்லை. ஓட்டையைச் சுற்றி ஓட்டை மட்டும் மிளகு அளவு மிளகு அளவாகப் பெயர்த்தேன். ஒரு புள்ளி ரத்தம் கண்டால் நிறுத்தி, முட்டையைப் பெட்டியில் வைத்துச் சில மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். பாதி சுற்று வந்ததும் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டேன். குஞ்சை இழுத்து எடுக்கக் கூடாது. கடைசி உதை அதனுடையதாக இருந்தால் தொப்புள் கிழியாது. இரவு பத்தரை மணிக்கு அது தானே வெளியே உருண்டது.

உடனே நொய் போடவேண்டும் என்றாள். வயிற்றுக்குள் ஏறிய மஞ்சள் கருவே இரண்டு நாளைக்குப் போதும், அதனால்தான் பண்ணைக்காரர்கள் ஒரு நாள் குஞ்சுகளைத் தீனியில்லாமலே பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்புகிறார்கள் என்றேன்.

அசையாத முட்டையை மறுநாள் உடைத்துப் பார்த்தோம். முழுக் குஞ்சு, இறந்திருந்தது. "இதுக்கும் நேத்தே உதவி செஞ்சிருந்தா?" என்று கேட்டாள். வயிற்றுக்கு வெளியே தொங்கிய மஞ்சள் பையைக் காட்டினேன். பிறகு திண்ணையில் உட்கார்ந்து, 1976இல் நான் செய்ததை அவளிடம் சொன்னேன்.