கூன்மூக்கு விரியனும் எச்-சுட்டியும்

கித்துல்கல தோட்டத்தில் வளர்ந்து மருத்துவ ஆய்வுக்கு வந்திருக்கும் தங்கச்சிக்கு,

முதல் கட்டுரை அச்சேறும் முன்பே பல இளம் ஆய்வாளர்களுக்கு எச்-சுட்டியை நினைத்துத் தூக்கம் கெடுகிறது. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த கணக்கு அது. பத்துக் கட்டுரைகள் தலா பத்துத் தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் சுட்டி பத்து. ஆனால் ஒரு துறையில் எத்தனை பேர் எழுதுகிறார்களோ, அதற்கேற்பத்தான் மேற்கோளும் சேரும். உலகிலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது 1951இல் ஆலிவர் லோரியும் சகாக்களும் எழுதிய கட்டுரை. புரதத்தை அளக்கும் ஒரு செய்முறை. எல்லா ஆய்வுக்கூடத்துக்கும் தேவைப்பட்டது. மூன்று இலட்சம் தடவைக்கு மேல் மேற்கோள் பெற்றுவிட்டது.

மறுபக்கம் கல்கத்தாவின் சம்புநாத் டே. வாந்திபேதிக் கிருமி சுரக்கும் நஞ்சுதான் குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்று முயலின் குடலில் நிரூபித்து, 1959இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1978இல்தான் வாந்திபேதி பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அழைத்தார்கள். மேற்கோள் அட்டவணையையே உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்ட், டே இறந்த மறு ஆண்டு, 1986இல், அவரைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். அட்டவணை எவ்வளவு தாமதமாக விழிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் இலங்கையின் உதாரணம் பாம்புக்கடி. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்திலிருந்து அனுராதனி கஸ்தூரிரத்ன, அருணாசலம் பத்மேஸ்வரன், ஜனக டி சில்வா முதலானோர் 2008இல் 'பிளாஸ் மெடிசின்' இதழில் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். உலகில் ஆண்டுக்குக் குறைந்தது 421,000 பேருக்கு விஷம் ஏறுகிறது, 20,000 பேர் சாகிறார்கள். உச்சக் கணக்கில் அது 1,841,000, 94,000 வரை போகலாம். இவ்வளவு பெரிய இடைவெளியை மறைக்காமல் எழுதியதுதான் அந்தக் கட்டுரையின் பலம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் சேர்ந்தன. 2017இல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது.

அந்தக் கட்டுரையைவிடக் கவனித்துப் படிக்க வேண்டியது 2009இல் சி. ஏ. அரியரட்ணமும் குழுவினரும் வெளியிட்டது. கடிபட்டவர்கள் அடித்துக் கொண்டுவந்த 860 பாம்புகளைப் பத்து ஆஸ்பத்திரிகளில் சேகரித்து, ஒவ்வொன்றையும் நிபுணர்கள் இனம் பிரித்தார்கள். 762 விஷப் பாம்புகள். ஆஸ்பத்திரி ஊழியர்கள் 51 பாம்புகளைத் தவறாக அடையாளம் கண்டிருந்தார்கள். அதனால் 13 பேருக்குத் தேவையில்லாத விஷமுறிவு மருந்து ஏற்றப்பட்டது. பாம்பைப் பார்த்து, குறித்து, திரும்பச் சரிபார்த்த அந்தப் பொறுமைக்கு எந்தச் சுட்டியிலும் இடமில்லை.

உங்கள் மலைச்சரிவுக்குத் தேவையான கேள்வியும் அங்கேதான் இருக்கிறது. இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் சருகுக்குள் கிடந்து கையிலும் காலிலும் கொத்தும் கூன்மூக்கு விரியனை, சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா, பலர் சிறிய பாம்பென்று விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு அதனால் இரத்தம் உறையாது, சிறுநீரகம் செயலிழக்கும். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. கூன்மூக்கு விரியனின் கடிக்கு உதவாது. இதைப் பற்றி எழுதும் கட்டுரையை உலகில் வெகுசிலரே மேற்கோள் காட்டுவார்கள். அப்படியிருந்தும் எழுதுங்கள்.

காசு கேட்டு எதையும் அச்சிடும் இதழ்களின் பக்கம் போகாதீர்கள். தமிழ்ப் பெயருக்கு இன்னொரு தொல்லை: இன்று தகப்பன் பெயர் முன்னால், நாளை முதலெழுத்து மட்டும், ஆங்கிலத்தில் இரண்டு விதமான எழுத்துக்கூட்டல் என்றால் தரவுத்தளம் உங்களை இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடும். ஓர்க்கிட் என்ற 16 இலக்க ஆய்வாளர் எண்ணை இப்போதே இலவசமாக எடுத்துவிடுங்கள்.

பிறகு வார்டுக்குப் போங்கள். கரவனல்லையிலோ அவிசாவளையிலோ கடிபட்ட ஒருவர் வந்தால், சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். இரத்தம் ஓடினால் உறையவில்லை. குழாய் பிளாஸ்டிக்காகவோ சவர்க்காரம் போட்டுக் கழுவியதாகவோ இருந்தால் முடிவு பிழைத்துவிடும். எந்தக் குழாய், எத்தனை மணிக்கு, பாம்பைக் கொண்டுவந்தார்களா, யார் இனம் கண்டது என்பதையெல்லாம் முதல் நோயாளியிலிருந்தே உங்கள் கையால் குறித்து வையுங்கள்.