நாடி ஏறியது எத்தனை மணிக்கு? கணினிப் பதிவில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

யாழ்ப்பாணத்தில் மழை தொடங்கினால் மார்கழி, தை வரை டெங்குக் காய்ச்சல்காரரால் விடுதிகள் நிறைந்துவிடும். பி.எச்.ரி. என்ற கட்டில் தலைமாட்டுக் கடதாசியில் எழுதிப் பழகிய நாம், வெளிநோயாளர் பிரிவிலும் கிளினிக்கிலும் தொடங்கிப் படிப்படியாகக் கணினிக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். திரையில் பெட்டிகள் எல்லாம் நிரம்பியிருக்கும். ஆனால் நேற்றிரவுக்கும் இன்று காலைக்கும் இடையில் நோயாளிக்கு என்ன மாறியது என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அத்தகைய பதிவைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். புதிதாக விடுதிக்கு வரும் வைத்தியர்களுக்கும் தாதியருக்குமாக இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு, எத்தனை மணிக்கு, யாருக்கு அறிவித்தேன் என்ற நான்கையும் ஒரே குறிப்பில் எழுதுங்கள். டெங்கு நோயாளியின் பி.சி.வி. (குருதியில் செங்கலங்களின் வீதம்) 46 என்று மட்டும் இருந்தால் அடுத்த முறைக்கு வருபவருக்கு அது வெறும் எண். காலையில் 38 ஆக இருந்தது, மாலை 4 மணிக்கு 46 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டது, குருதிக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று உடனே விளங்கும். குருதி அமுக்கமும் இப்படித்தான். 110/90 என்று பதிவாகியிருக்கும். மேல் எண்ணைப் பார்த்தால் பயமில்லை என்று தோன்றும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி 20க்குச் சுருங்கிவிட்டது என்பதுதான் அதிர்ச்சி நிலையின் அடையாளம். அந்த இடைவெளியை நீங்களே கணக்கிட்டு எழுதுங்கள். திரையில் சிவப்பு நிறம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மேல் எண்ணை மட்டும் பார்க்கும்படி அமைத்த முறைமையில் அது வரவே வராது.

கசிவுக் கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். அந்த நேரம் முழுவதும் நாடி, குருதி அமுக்கம், சலம் போன அளவு, கொடுத்த சேலைன் ஆகியவற்றை மணிக்கு மணி பதியுங்கள். காய்ச்சல் விட்டதைச் சுகம் என்று எழுதிவிடாமல், விட்ட நேரத்தை எழுதுங்கள்.

உறவினர் சொன்னதையும் எழுதுங்கள். "பிள்ளை அந்தரப்படுது, காலையில இருந்து நாலு தரம் சத்தி எடுத்திட்டுது" என்று தாய் சொன்னால், சொன்னவர் தாய் என்பதையும் நேரத்தையும் சேர்த்து அவ்வாறே பதியுங்கள். அமைதியின்மையும் விடாத வாந்தியும் டெங்குவின் எச்சரிக்கைக் குறிகள். அவற்றை நம்மைவிட முன்னால் காண்பவர் கட்டிலருகே இருக்கும் தாய்தான்.

காய்ச்சல் தொடங்கிய திகதியையும், அதற்கு முன் ஆள் எங்கே என்ன வேலை செய்தார் என்பதையும் கேட்டுப் பதியுங்கள். 2024 டிசெம்பரில் குடாநாட்டில் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாகச் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். காரணம் எலிக்காய்ச்சல் என்று பின்னரே உறுதியானது. வெள்ளம் நின்ற வயலில் இறங்கினாரா என்பதற்கு ஒரு வரி போதும். அந்த வரி பல நோயாளிகளின் பதிவில் இருந்தால்தான் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனை இணைத்துப் பார்க்க முடியும்.

பாம்புக் கடியில் நேரமே எல்லாம். கடித்த நேரம், இமை தொங்கத் தொடங்கிய நேரம், 20 நிமிடக் குருதி உறைவுச் சோதனையின் முடிவு, விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கிய நேரம், பின்னர் திரும்பச் செய்த சோதனையின் முடிவு எல்லாம் வரிசையாக இருக்கட்டும். வீக்கம் கணுக்காலில் இருந்தால் "கணுக்கால்" என்று எழுதுங்கள். "வீக்கம் உண்டு" என்று மட்டும் எழுதினால், அது முழங்காலுக்கு ஏறியபோது ஏறியதென்றே யாருக்கும் தெரியாது.

நெடுந்தீவிலிருந்து அனுப்பும் நோயாளி கடல் கடந்து குறிகாட்டுவானில் இறங்கி, அங்கிருந்து வீதியால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வருகிறார். புறப்பட்டபோது இருந்த நிலை, வழியில் நடந்தது, வந்து சேர்ந்தபோது இருந்த நிலை ஆகியவை மூன்று தனிப் பதிவுகள். படகில் கூட வந்தவர் சொல்வதை அவர் திரும்பிப் போகுமுன் கேட்டு எழுதிவிடுங்கள். ஒட்சிசன் குறைந்தது படகிலா, அம்புலன்சிலா என்று நாளைக்கு யாரையும் கேட்க முடியாது.

ஒவ்வாமையை ஒவ்வொரு தடவையும் கேளுங்கள்.

செய்யக்கூடாதவை

நேற்றைய குறிப்பைப் பிரதி எடுத்து இன்று ஒட்டாதீர்கள். கணினி தந்த மிகப் பெரிய வசதியும் மிகப் பெரிய ஆபத்தும் இதுதான். சலரோகத்தால் விரல் அகற்றிய மறுநாளும் "இரு பாதங்களும் நலம்" என்று பதிவு சொல்லிக்கொண்டிருக்கும். 1968இல் லோரன்ஸ் வீட் என்ற அமெரிக்க வைத்தியர், நோயாளியின் ஒவ்வொரு பிரச்சினையையும் தனித்தனியாகத் தொடர்ந்து எழுதும் முறையை முன்வைத்தார். நோயாளி சொன்னது, நாம் கண்டது, நாம் கருதுவது, செய்யப்போவது என்று நாம் பகுத்து எழுதுவது அவர் வழியில்தான். ஒட்டிய குறிப்பில் அந்த நான்கும் இருக்கும். இன்றைய நோயாளி இருக்க மாட்டார்.

பெயரை மட்டும் நம்பிப் பதிவைத் திறக்காதீர்கள். முதலெழுத்து தகப்பனுடையது, பெயர் ஊரில் பத்துப் பேருக்கு இருப்பது; ஆங்கில எழுத்தில் ஒரே பெயரை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறோம். தனிநபர் சுகாதார இலக்கத்தையும் பிறந்த திகதியையும் பாருங்கள். இல்லையேல் ஒருவருடைய குறைந்த பிளேற்லெட் இன்னொருவருடைய பதிவில் ஏறிவிடும்.

"சௌகரியமாக உள்ளார்", "நிலை சீராக உள்ளது" என்று எண் எதுவும் இல்லாமல் எழுதாதீர்கள்.

மற்றவருடைய கடவுச்சொல்லில் நுழைந்து எழுதாதீர்கள். இரவுக் கடமையில் ஆள் குறைவு, கணினி ஒன்றுதான், யாரோ திறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள், சிரமம் தெரியும். ஆனால் காலை 3 மணிக்கு மருந்தின் அளவை மாற்றியவர் யார் என்ற கேள்விக்குப் பதிவு பிழையான ஆளைக் காட்டக்கூடாது.

விடுதித் திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தகவலை விசேட பாதுகாப்புக்குரியதாக வகுத்திருக்கிறது. சட்டம் ஒருபுறம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர்கள் எங்களுடையவை. மனநல மருந்து எடுக்கும் பெண்ணின் பெயர் வெளியே போனால் அவள் அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டாள். சொந்தக்காரர் கேட்டார் என்று, நீங்கள் பராமரிக்காத நோயாளியின் பதிவைத் திறப்பதும் அதே பிழைதான்.

பிந்தி எழுதுவதை அப்போதே எழுதியதுபோல் காட்டாதீர்கள். மின்சாரம் போனால் கடதாசியில் நேரத்துடன் குறித்து வையுங்கள். கணினி திரும்பியதும், மாற்றம் நடந்த நேரம், பதிவு செய்யும் நேரம் இரண்டையும் இட்டு, "பிந்திய பதிவு" என்று சொல்லியே ஏற்றுங்கள். பிழையாகப் பதிந்ததை அழித்துவிட்டு மேலே எழுதவும் வேண்டாம். திருத்தத்தைத் தனிக் குறிப்பாகச் சேருங்கள். அந்தப் பிழையான எண்ணைப் பார்த்து இடையில் ஒருவர் சேலைன் அளவைக் கூட்டியிருக்கக்கூடும். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு அந்த எண் மட்டுமே சாட்சி.